ஒரு வாரப் பயணம், எளிய சாப்பாடு, கூடவே ஒயின்: எத்தனை பாட்டில், எந்த வகை, எப்படி ருசிப்பது?

வழிச்சோறு:
ஏழு நாள், இரண்டு பேர், வாடகைக் கார். பகலில் பீட்சா, பர்கர், வறுத்த கோழி என்று வழியில் கிடைப்பது. ராத்திரி அறையில் ரொட்டி, சீஸ், சாலட், வாங்கி வந்த சுட்ட மீன். பெரிய ரெஸ்டாரன்ட் எதுவும் திட்டத்தில் இல்லை. போதைக்காக இல்லை, ருசி பார்த்துக் கற்றுக்கொள்ளத்தான். எத்தனை பாட்டில் வாங்குவது? எந்த வகை? அறையில் குட்டி ஃப்ரிட்ஜும் பல் தேய்க்கிற டம்ளரும் மட்டும் இருந்தால் எப்படிச் சமாளிப்பது?

அரைப்பாட்டில்:
முதலில் கணக்கு. ஒரு பாட்டில் 750 மில்லி. ருசிக்க ஒரு ஊற்றுக்கு 60 மில்லி தாராளம். பாட்டிலுக்குப் பன்னிரண்டு ஊற்று, இரண்டு பேருக்கு ஆறு வேளை. ராத்திரிக்கு ஆளுக்கு நாலு ஊற்று என்று வைத்தால் ஏழு நாளுக்கு நாலு முழு பாட்டிலும் ஒரு 375 மில்லி பாட்டிலும் போதும். அதற்கு மேல் வாங்கினால் கடைசி நாள் குளியலறைத் தொட்டியில்தான் ஊற்றுவீர்கள்.

வேளைக்கு ஒரு புது பாட்டில் திறப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. வார முடிவில் கையில் மிஞ்சுவது லேபிள் ஃபோட்டோக்கள் மட்டும். ஒயினும் மாறி, சாப்பாடும் மாறினால் எது எதை மாற்றியது என்று நாக்குக்குத் தெரியாது. ஒயினை அப்படியே வைத்துக்கொண்டு சாப்பாட்டை மாற்றுங்கள். ஒரே டிரை (இனிப்பில்லாத) ரீஸ்லிங் வெள்ளை, முதல் நாள் சீஸோடு, இரண்டாம் நாள் வறுத்த கோழியோடு, மூன்றாம் நாள் தக்காளி சாலடோடு. மூன்று வேறு பாட்டில் குடித்த மாதிரி இருக்கும்.

எப்போதும் இரண்டு திறந்திருக்கட்டும்: புளிப்பு தூக்கலான ஒரு வெள்ளை, துவர்ப்பு குறைந்த ஒரு சிவப்பு. முதல் மூன்று நாள் ரீஸ்லிங்கும் போஜலேயும் (கமே திராட்சை). நாலாம் நாளிலிருந்து சோவிஞ்ஞோன் பிளாங்க் அல்லது அல்பரீன்யோ, கூடவே பார்பெரா. 375 மில்லி பாட்டில் ஃபீனோ ஷெர்ரி (ஆல்கஹால் கூட்டிய, இனிப்பில்லாத ஸ்பானிய வெள்ளை). திறந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ஏழு நாளும் ஓடும். உப்பு போட்ட பாதாம், ஆலிவ், பொரித்த மீன் எது வந்தாலும் அதற்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

கபர்னே சோவிஞ்ஞோன், நெபியோலோ மாதிரி துவர்ப்பு மிகுந்தவை இந்தப் பயணத்துக்கு வேண்டாம். நல்ல ஒயின்கள்தான், ஆனால் அவை சாப்பாட்டைப் பார்த்து நிபந்தனை போடும். உங்களுக்கோ என்ன சாப்பாடு கிடைக்கும் என்றே தெரியாது.

மூன்றாம்மேசை:
> ஒயினை அப்படியே வைத்துக்கொண்டு சாப்பாட்டை மாற்றுங்கள்

இதில் ஓட்டை இருக்கிறது. திறந்த பாட்டில் மூன்று நாளும் ஒரே ஒயினாக இருக்காது. காற்றுப்பட்டுப் பழவாசனை இறங்கும். மூன்றாம் நாள் சாலடோடு சப்பென்று இருந்தால் அது சாலடின் வேலையா, காற்றின் வேலையா?

அரைப்பாட்டில்:
நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு ஏற்பாடு.

திறந்த உடனே, முதல் ஊற்றுக்கும் முன்னால், பாதியைத் திருகு மூடி போட்ட காலி 375 மில்லி பாட்டிலுக்கு மாற்றி விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். உள்ளே காற்று இடம் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். மாற்றும்போது பாட்டிலைச் சாய்த்து, சுவரோடு வழிய விடுங்கள். மேலிருந்து கொட்டினால் அங்கேயே காற்று கலந்துவிடும். இப்படி அடைத்தது ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள் பெரிதாக மாறாது. பெரிய பாட்டிலில் இருக்கிற பாதியை முதல் இரண்டு நாளில் முடியுங்கள், பிறகு சின்னதைத் திறங்கள். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் என்றால் ஒரு நாளுக்கு மேல் நம்ப வேண்டாம். அதன் வழியாக ஆக்ஸிஜன் மெல்லப் புகும், பழைய பான வாசனையும் ஒட்டியிருக்கும்.

இரண்டாவது, எந்த வேளையானாலும் சாப்பாட்டுக்கு முன் ஒயினை மட்டும் ஒரு வாய் ருசித்து ஒரு வரி குறியுங்கள். பிறகு ஒரு கவளம், மறுபடி ஒரு வாய். முதல் வாய்க்கும் இரண்டாம் வாய்க்கும் இடையில் என்ன மாறியதோ அது சாப்பாட்டின் வேலை. நேற்றைய முதல் வாய்க்கும் இன்றைய முதல் வாய்க்கும் உள்ள வித்தியாசம் காற்றின் வேலை.

மூன்றாம்மேசை:
சரி, இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் திறந்த சிவப்பையும் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் மேசை மேலேயே விட்டுவிடுகிறார்கள். அங்கே இரண்டாம் நாளே சரிய ஆரம்பிக்கும், ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். குடிக்க அரைமணி முன் எடுத்து வெளியே வைத்தால் போதும்.

துவர்ப்பன்:
வழிச்சோறு, கிளம்புறதுக்கு முன்னாடியோ முதல் நாள் சாயங்காலமோ இதைப் பண்ணிடுங்க. கால்மணி நேர வேலை, அப்புறம் வாரம் முழுக்கக் கைகொடுக்கும்.

வேண்டியது: உப்புப் பொட்டலம், சர்க்கரைப் பொட்டலம், எலுமிச்சைத் துண்டு, கொஞ்சம் மிளகாய் சாஸ். எல்லாமே பர்கர் கடையில கேட்டா கிடைக்கும். ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு, ரெண்டுலயும் அரை ஊற்று.

ஒயினை மட்டும் ஒரு வாய். அப்புறம் நாக்கு நுனியில நாலு கல் உப்பு, திரும்ப ஒயின். சிவப்போட துவர்ப்பு மழுங்கி பழம் தூக்கும். தண்ணி குடிச்சு ரொட்டி கடிச்சு வாயைச் சரி பண்ணுங்க. அடுத்து சர்க்கரை: அதே ஒயின் இப்ப ஒல்லியா, புளிச்சு, கொஞ்சம் கைப்பாக்கூட இருக்கும். அடுத்து எலுமிச்சை: அஞ்சு நிமிஷம் முன்னாடி புளிச்ச வெள்ளை இப்ப இனிக்கிற மாதிரி, தட்டையா தெரியும். கடைசியா மிளகாய்: 14 சதவீத சிவப்பு தொண்டையை எரிக்கும், இனிப்பு மிச்சமிருக்கிற வெள்ளை எரியாது. மிளகாயை நடுவுல போட்டா மத்த எதுவும் தெரியாது, அதனாலதான் கடைசி.

ஒயின் ருசிக்கிறதுல நமக்கு ஒரு வசதி இருக்கு. அறுசுவையில துவர்ப்புக்கும் கைப்புக்கும் தனித்தனிப் பேர் வச்சிருக்கோம். ஆறின ஸ்ட்ராங் டீயைக் குடிச்சா பல்லும் ஈறும் உலர்ந்து இழுக்குதே, அது துவர்ப்பு. நாக்குல தங்கறது கைப்பு. இது ரெண்டையும் குழப்பிக்கிட்டு "ஒயின் கசக்குது"ன்னு எழுதினா அந்தக் குறிப்பு எதுக்கும் உதவாது.

வழிச்சோறு:
அருமை. அப்போ பீட்சா, பர்கர், கோழி, சாலட், மீன் இதற்கெல்லாம் என்ன நியாயம்?

துவர்ப்பன்:
ஒரே விதி: ஒயினோட புளிப்பு தட்டுல இருக்கிற புளிப்புக்குக் குறையக் கூடாது. ஒயினோட இனிப்பு தட்டுல இருக்கிற இனிப்புக்குக் குறையக் கூடாது.

பீட்சான்னா தக்காளி, அதாவது புளிப்பு. பார்பெரா கச்சிதம், ஏன்னா அதுல புளிப்பு அதிகம், துவர்ப்பு கம்மி. பர்கர்ல இறைச்சியை மட்டும் பாக்காதீங்க, கெட்சப்பும் இனிப்பு ஊறுகாயும்தான் ஒயினைக் கெடுக்கும். சாஸைக் குறைச்சுக்கிட்டா போஜலே போதும், சாஸ் வழிஞ்சா லேசா இனிக்கிற லாம்ப்ருஸ்கோ (நுரைக்கிற இத்தாலியச் சிவப்பு). லேபிள்ல 'செக்கோ'ன்னா டிரை, 'அமாபிலே'ன்னா நடுத்தர இனிப்பு, 'தோல்சே'ன்னா நல்ல இனிப்பு. வறுத்த கோழிக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் நுரைக்கிற ஒயின். எண்ணெய்க்குப் புளிப்பும் குமிழும் சேர்ந்து வேலை செய்யும், உப்பு மிச்சத்தைப் பாத்துக்கும்.

சாலட்ல வினிகர் ஊத்தினா பெரும்பாலான ஒயின் தட்டையாயிடும். வினிகருக்குப் பதிலா எலுமிச்சை, அதுவும் பாதி அளவு போடுங்க. அப்ப சோவிஞ்ஞோன் பிளாங்க் தாக்குப்பிடிக்கும். அவிச்ச முட்டை சாண்ட்விச்சோட மல்லுக்கட்ட வேண்டாம்; மஞ்சள் கரு நாக்குல படலம் போட்டுடும், அதுக்கு மேல ஒயின் ருசி ஏறாது. குமிழ் உள்ளது மட்டும் ஓரளவு துடைக்கும்.

சாக்லேட் கேக்கோட டிரை சிவப்பு? சர்க்கரைப் பொட்டலச் சோதனை பண்ணிட்டீங்கன்னா கேக்கவே மாட்டீங்க.

நதிமுகம்:
மீனைப் பற்றி. 'மீனுக்கு வெள்ளை' என்பது மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு சிவப்பு ஊற்றுகிறவர்கள் உண்டு. பாதி சரி. கெளுத்தி, காட் மாதிரி எண்ணெய் குறைந்த மீனுக்குக் குளிர்ந்த போஜலே நன்றாகவே போகும். மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீனுக்கு வந்தால்தான் விழுங்கியபின் பழைய மீன் நாற்றம் எழும். அதற்குக் காரணம் டானின் (துவர்ப்பைத் தரும் பொருள்) மட்டும் இல்லை, ஒயினில் கரைந்திருக்கிற இரும்பு. அது மீன் கொழுப்போடு சேர்ந்து அந்த வாடையைக் கிளப்புகிறது. இரும்பின் அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், லேபிளில் இருக்காது. அதனால்தான் ஒருவர் 'சிவப்பு அருமையாகப் போனது' என்கிறார், இன்னொருவர் மூக்கைப் பிடிக்கிறார். அறையில் ஒரே ஒரு பாட்டில்தான் என்றால் மஸ்கடே. லுவார் நதி கடலில் சேருமிடத்து ஒயின், சிப்பிக்குக் காலகாலமாகக் கூட்டாளி. லேபிளில் 'சுர் லீ' என்று இருந்தால் ஈஸ்ட் வண்டலோடு வைத்திருந்தது, வாயில் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருக்கும்.

மூன்றாம்மேசை:
நதிமுகம், இதில் ஒரு சின்னச் சேர்க்கை. 'டானின் இறைச்சிப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் ஸ்டேக்கும் சிவப்பும் சேர்கின்றன' என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். உப்பே போடாமல் சுட்ட ஒரு துண்டோடு அதே ஒயினைக் குடித்துப் பாருங்கள், பெரும்பாலும் துவர்ப்பு குறையாது, சிலசமயம் கூடும். உப்பு போட்ட பிறகுதான் மழுங்கும். தட்டில் ஏதோ ஒத்துவரவில்லை என்றால் ஒயினை மாற்றுவதற்கு முன் ஒரு சிட்டிகை உப்பு, நாலு சொட்டு எலுமிச்சை. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

வழிச்சோறு:
காரசாரமான நூடுல்ஸ் வாங்கினால்?

அரைப்பாட்டில்:
ஆல்கஹால் குறைவும் லேசான இனிப்பும். ரீஸ்லிங் லேபிளில் 8 அல்லது 9 சதவீதம் என்று இருந்தால் சர்க்கரை முழுதும் நொதிக்காமல் மிச்சமிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 12 அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் டிரை. ஜெர்மன் பாட்டிலில் 'ட்ரோக்கன்' என்றால் டிரை என்றே பொருள். எல்லா ஒயினுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது: போர்ச்சுகலின் வின்யோ வெர்டே 9 முதல் 11 சதவீதத்திலும் டிரையாக இருக்கலாம், அங்கே பழத்திலேயே சர்க்கரை குறைவு.

குளிர்வாளி:
எல்லோரும் திராட்சை பேசுகிறீர்கள். பயணத்தில் ஒயின் கெடுவதும் சப்பென்று போவதும் பெரும்பாலும் வெப்பத்தால்.

காரில் வெயிலில் ஒரு மதியம் விட்டால் உள்ளே சுலபமாக 50 டிகிரி தாண்டும். டிக்கியும் விதிவிலக்கு இல்லை. ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும். தக்கை விளிம்புக்கு மேல் துருத்தியிருந்தாலோ கழுத்தோரம் பிசுபிசுத்தாலோ அது வெந்த ஒயின். ருசி வேகவைத்த பழம் மாதிரி இருக்கும். வாங்குவதை நாளின் கடைசி வேலையாக வையுங்கள். முடியாவிட்டால் தெர்மாகோல் பெட்டி, உறைந்த தண்ணீர் பாட்டில் இரண்டு, ஈரத் துண்டு.

பரிமாறும் சூடு: நுரைக்கும் ஒயின் 6–8, இளம் வெள்ளை 8–10, ஓக் பீப்பாயில் வைத்த வெள்ளை 10–13, போஜலே மாதிரி மெல்லிய சிவப்பு 12–14, கனத்த சிவப்பு 16–18 டிகிரி. 'சிவப்பு அறை வெப்பத்தில்' என்ற பேச்சை மறந்துவிடுங்கள். 27 டிகிரி அறையில் எந்தச் சிவப்பும் ஆல்கஹால் நெடிதான் அடிக்கும். ஃப்ரிட்ஜில் அரைமணி முதல் முக்கால் மணி வைத்து எடுங்கள்.

அறையில் இருக்கும் குட்டி ஃப்ரிட்ஜ் குளிர்ந்ததைக் குளிராக வைத்திருக்கும். சூடானதைக் குளிர்விக்க அரை நாள் எடுக்கும். காலையில் கிளம்பும்போதே உள்ளே வையுங்கள். சாவி அட்டையை எடுத்தால் மின்சாரம் நிற்கிற அறையா என்று பாருங்கள், சில இடங்களில் ஃப்ரிட்ஜும் சேர்ந்து நின்றுவிடும். அவசரத்துக்குக் குப்பைக் கூடையைக் கழுவி, புதுப் பை போட்டு, பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. பாட்டில் கழுத்து வரை முங்க வேண்டும். 15 நிமிடம் போதும். வெறும் ஐஸ் கட்டிகளைச் சுற்றி வைத்தால் நடுவில் காற்றுதான் இருக்கும், அரைமணி ஆனாலும் குளிராது. ஃப்ரீசரில் வைத்து மறந்தால் சுமார் −6 டிகிரியில் உறைந்து தக்கையைத் தள்ளும், நுரை ஒயின் என்றால் வெடிக்கவும் செய்யும்.

ஃப்ரிட்ஜில் வைத்த வெள்ளையில் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி படிந்தால் பயப்பட வேண்டாம். டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகம், கெடுதல் இல்லை.

நதிமுகம்:
டம்ளர் விஷயம் விட்டுப்போயிற்று. பல் தேய்க்கிற டம்ளரில் சோப்பு வாசனையும் பற்பசை வாசனையும் இருக்கும். வெந்நீரில் மட்டும் கழுவி, பிறகு ஒரு தேக்கரண்டி ஒயின் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிட்டு ஊற்றுங்கள். நல்லது வேண்டுமென்றால் தண்டில்லாத, வாய் குவிந்த கண்ணாடிக் கிளாஸ் இரண்டு வாங்கி காலுறைக்குள் செருகி எடுத்துப் போகலாம். அகன்ற வாய் டம்ளரில் வாசனை நிற்காது. அதுதான் கிடைக்கிறது என்றால் 60 மில்லி ஊற்றி, உள்ளங்கையால் மூடிச் சுழற்றி, கையை எடுத்த உடனே முகருங்கள். அந்தக் கையில் சன்ஸ்கிரீனோ கொசு விரட்டிக் களிம்போ இருந்தால் போச்சு. பல் தேய்த்து ஒரு மணி நேரமாவது ஆகட்டும்.

கேன் ஒயின் வாங்கினாலும் கிளாஸில் ஊற்றிக் குடியுங்கள். கேனிலிருந்து நேரே குடித்தால் மூக்குக்கு வேலையே இல்லை. சிலவற்றில் அழுகிய முட்டை வாடை இருக்கும், சுழற்றினால் பெரும்பாலும் பறந்துவிடும்.

துவர்ப்பன்:
சுழற்றினா போற வாடையும் உண்டு, போகாத வாடையும் உண்டு. எரிஞ்ச தீக்குச்சி, ரப்பர், முட்டை: பத்து நிமிஷம் குடுத்துப் பாருங்க. நனைஞ்ச அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடிச்ச நிலவறை: அது தக்கையிலேர்ந்து வர்ற டிசிஏ. எவ்வளவு நேரம் வச்சாலும் போகாது, இன்னும் தூக்கலாத்தான் தெரியும். உடம்புக்குக் கெடுதல் இல்ல, ருசிதான் செத்துப்போகும். அடுத்த நாள் வேற ஊருக்குப் போயிட்டா பாட்டிலை மாத்தித் தர ஆள் இருக்காது. அதனால பயணத்துக்குத் திருகு மூடிதான் என் ஓட்டு. தக்கை திருகியும் மிச்சம்.

வழிச்சோறு:
பகல் சாப்பாட்டோடு குடிக்க வேண்டாமா? கார் ஓட்ட வேண்டுமே.

அரைப்பாட்டில்:
வேண்டாம். 13 சதவீத ஒயினில் 60 மில்லி என்பது 6 கிராம் சொச்சம் ஆல்கஹால். நாலு ஊற்று விழுங்கினால் சுமார் 25 கிராம். உடல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும், காபியோ குளியலோ அதை வேகப்படுத்தாது. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். பகலில் வாங்கும் பீட்சா, கோழியில் ஒரு பங்கு கூடுதலாகப் பார்சல் கட்டிக்கொள்ளுங்கள். ஒயின் பாடம் முழுக்க ராத்திரி, காரை நிறுத்திய பிறகு. பார்சலை இரண்டு மணி நேரத்துக்கு மேல், வெயில் கொளுத்தினால் ஒரு மணி நேரத்துக்கு மேல், வெளியே விடாமல் அந்த ஐஸ் பெட்டியிலேயே போடுங்கள். ஆறிய வறுத்த கோழி ஒயினோடு இன்னும் நன்றாகவே போகும். திறந்த பாட்டில் எப்போதும் டிக்கியில். பயணிகள் பகுதியில் இருந்தாலே குற்றம் என்று சட்டமுள்ள இடங்கள் பல.

குளிர்வாளி:
திரும்பும்போது விமானம் என்றால்: பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள், அதனால் செக்-இன் பெட்டிதான். 24 சதவீதம் வரையிலான பானத்துக்கு விமானப் பாதுகாப்பு விதியில் அளவு வரம்பு இல்லை, 24க்கு மேல் 70 வரை ஆளுக்கு 5 லிட்டர். சுங்க வரிச் சலுகை அளவு தனி, அது போய் இறங்கும் நாட்டைப் பொறுத்தது. பாட்டில் ஒன்று 1.2 முதல் 1.5 கிலோ கனக்கும். சிறு கத்தி வைத்த தக்கை திருகியைக் கைப்பையில் போட்டால் பரிசோதனையில் எடுத்துக்கொள்வார்கள். திறந்த பாட்டிலில் காற்றை விலக்க அடிக்கும் ஆர்கான் வாயு ஸ்ப்ரேயும் வீட்டிலேயே இருக்கட்டும்.

வழிச்சோறு:
பட்டியல் தயார்: டிரை ரீஸ்லிங், போஜலே, பார்பெரா, ஃபீனோ அரை. கோழிக்கு நுரை ஒயின் ஒன்று. 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்டதைப் பார்த்து வைத்திருக்கிறேன், இனிப்பே இருக்காதுதானே?

மூன்றாம்மேசை:
அங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். 'எக்ஸ்ட்ரா டிரை' என்பது 'ப்ரூட்'டைவிட இனிப்பு. ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை, எக்ஸ்ட்ரா டிரை 12 முதல் 17, வெறும் 'செக்' 17 முதல் 32. உப்பும் எண்ணெயுமான கோழிக்கு ப்ரூட் எடுங்கள். கோழி மேல் தேன் சாஸ் தடவியிருந்தால் மட்டும் நீங்கள் பார்த்து வைத்ததே சரி.

குளிர்வாளி:
அதை 7 டிகிரிக்குக் குளிர்வித்த பிறகே திறங்கள். கம்பியை ஆறு அரைச்சுற்று தளர்த்தி, தக்கையிலிருந்து கட்டைவிரலை எடுக்காமல், தக்கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்ப வேண்டும். மிச்சமானால் கழுத்தில் ஸ்பூன் செருகுவது வீண் வேலை; இறுக்கும் மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளும் குமிழ் இருக்கும்.